பினாங்கு வழியாக புக்கெட்: வளர்ந்த பிள்ளைகளோடு கப்பலில் ஐந்து நாள்

முதல் நாள், டிசம்பர் 24, சிங்கப்பூர்

இரவு பதினொன்றரை. பெரியவள் இன்னும் அறைக்கு வரவில்லை. மேல் டெக்கில், 15 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கென்று ஒதுக்கிய அறையில் இருக்கிறாள். அந்தக் கதவுக்குள் பெற்றோருக்கு அனுமதி இல்லை. பன்னிரண்டு மணிக்குள் வந்துவிட வேண்டும் என்று பேச்சு. காத்திருக்கும் நேரத்தில் இன்றைய குறிப்பை எழுதிவிடுகிறேன்.

மொத்தம் ஒன்பது பேர் வந்திருக்கிறோம். திருச்சியிலிருந்து நான், இவர், என் அப்பா, பெரியவள் (16, ப்ளஸ் ஒன்), சின்னவன் (13). சிங்கப்பூரிலிருந்து என் தம்பி, அவன் மனைவி, அவர்கள் பையன் (17), பெண் (14). போன வருஷம் இதே கூட்டம் மூணாறு போனோம். நான்கு பிள்ளைகளும் வேனின் பின்சீட்டில் ஆளுக்கொரு போனோடு வந்தார்கள். தேயிலைத் தோட்டம் வந்தபோது தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்கள். அது எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. இன்னும் இரண்டு வருஷத்தில் பெரியவள் கல்லூரிக்குப் போய்விடுவாள். இந்த நான்கும் ஒன்றாகச் சேர்ந்து ஓர் ஊருக்கு வருவது இனி எத்தனை முறை நடக்கப்போகிறது?

அதனால்தான் கப்பல். சிங்கப்பூரில் ஏறி, பினாங்கு, புக்கெட் பார்த்து, மறுபடி சிங்கப்பூரில் இறங்குகிற நான்கு இரவுப் பயணம். நம்மூரிலிருந்து வருகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: கப்பல் கிளம்பியதும் நீங்கள் சிங்கப்பூரை விட்டு வெளியேறிவிட்டதாகக் கணக்கு. திரும்பி வரும்போது இரண்டாம் முறை நுழைகிறீர்கள். விசா பலமுறை நுழைவுக்கானதா என்று டிக்கெட் போடும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

அறைகள் நான்கு. பதிவில் ஒவ்வோர் அறையிலும் ஒரு பெரியவர் பெயர் இருக்க வேண்டும் என்றார்கள்; ஏறிய பிறகு கவுன்டரில் கேட்டுச் சாவி அட்டைகளை மாற்றிக்கொண்டோம். பெண்கள் இருவருக்கும் எங்கள் அறைக்கு நேர் எதிரே ஜன்னல் இல்லாத உள்ளறை. பையன்கள் இருவரும் தாத்தாவோடு பால்கனி அறையில். பெண்களுக்கு ஜன்னல் இல்லையே என்று தயங்கினேன். அவர்களோ தங்களுக்கென்று ஒரு கதவு கிடைத்ததில் பூரித்துப்போனார்கள்.

கப்பலுக்குள் காசு புழங்காது, சாவி அட்டைதான் காசு. வீடியோ கேம் கூடத்தில் அதைத் தேய்த்தால் நம் கணக்கில் ஏறிவிடும். ஏறியதும் முதல் வேலையாக ஆளுக்கு நாற்பது டாலர் என்று வரம்பு வைக்கச் சொன்னேன். அது தீர்ந்தால் தீர்ந்ததுதான். இன்னொன்று, கப்பல் கரையை விட்டு விலகும் முன் எல்லா போன்களையும் ஃபிளைட் மோடில் போட வேண்டும். நடுக்கடலில் போன் கப்பலின் சொந்த அலைவரிசையில் ஒட்டிக்கொண்டால் வருகிற பில் பயங்கரமாக இருக்கும். இணையம் ஒரே ஓர் இணைப்புதான் வாங்கினோம். ஒருவர் வெளியே வந்தால்தான் அடுத்தவர் உள்ளே போக முடியும். யாருக்கு எப்போது என்று நான்கு பேரும் தாங்களே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டார்கள். நான் தலையிடவில்லை.

நானும் ஒரு தாள் கொண்டுவந்திருந்தேன். ஐந்து நாளுக்கும் மணிவாரியாக என்னென்ன செய்யலாம் என்று இரண்டு வாரம் உட்கார்ந்து தயாரித்தது. பெரியவள் வாங்கிப் பார்த்தாள்.

"ம்மா, இது டைம்டேபிள்மா. லீவுன்னுதானே கூட்டிட்டு வந்தே?"

கோபமாகச் சொல்லவில்லை, சோர்ந்துபோய்ச் சொன்னாள். தாளை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன்.

மாலையில் அபாய ஒத்திகை. ஏழு சிறிய சங்கு, ஒரு நீண்ட சங்கு. அந்த ஒலி கேட்டால் நமக்கென்று குறித்த இடத்தில் போய் நிற்க வேண்டும். 1912இல் டைட்டானிக் மூழ்கிய பிறகு, 1914இல் நாடுகள் கூடிக் கடல் பாதுகாப்புக்காக ஓர் உடன்படிக்கை செய்தன, இந்த ஒழுங்கெல்லாம் அதன் வழி வந்தது என்று தம்பி மகன் சொல்லிக்கொண்டே வந்தான். ஐந்து மணிக்குக் கப்பல் நகர்ந்தது. சிங்கப்பூர்த் துறைமுகத்துக்கு வெளியே கண்ணுக்கு எட்டிய தூரம் வரை நங்கூரமிட்ட கப்பல்கள். சின்னவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

எட்டரை மணிக்குப் பிள்ளைகள் கிளப்பில் அறிமுகக் கூட்டம். முன்பே கப்பலில் போய்வந்த தோழி ஒருத்தி, "முதல் ராத்திரி விட்டுட்டா அப்புறம் போகவே மாட்டாங்க, அன்னிக்கே செட்டு சேர்ந்துடும்" என்று சொல்லியிருந்தாள். 12–14 ஓர் அறை, 15–17 வேறோர் அறை. இப்படி நால்வரும் இரண்டிரண்டாகப் பிரிவார்கள் என்று எனக்கு முன்பு தோன்றவில்லை. பெரியவளும் தம்பி மகனும் தயங்காமல் போனார்கள். சின்னவன் பத்தே நிமிடத்தில் வெளியே வந்தான். "யாரையும் தெரியலம்மா." அவனுக்காகத் தம்பி மகளும் கூடவே வந்துவிட்டாள். உள்ளே இருக்க அவளுக்கு ஆசை என்று முகத்தில் எழுதியிருந்தது. "நீ போடா கண்ணு, இவனை நான் பாத்துக்கறேன்" என்று அனுப்பிவைத்தேன்.

சின்னவன் தாத்தா அறைக்குப் போனான். அங்கே டிவியில் ஒரு சேனல் முழுக்கக் கப்பல் போகும் வரைபடம்தான். எங்கே இருக்கிறோம், எத்தனை நாட் வேகம், காற்று எந்தப் பக்கம் என்று ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு நாட் என்றால் மணிக்கு 1.852 கிலோமீட்டர். பெருக்கிப் பெருக்கித் தாத்தாவிடம் சொல்லிக்கொண்டிருந்தான். நான் வரும்போது தாத்தா தூங்கியிருந்தார், அவன் இன்னும் விழித்திருந்தான்.

எதிர் அறைக் கதவுச் சத்தம். மணி 12.10. வந்துவிட்டாள். பத்து நிமிடத்தை நான் கேட்கப்போவதில்லை.

இரண்டாம் நாள், டிசம்பர் 25, பினாங்கு

காலையில் ஒரு வருத்தம். மேல் டெக்கில் செயற்கை அலைச்சறுக்கு இருக்கிறது. சாய்ந்த தரையில் தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பார்கள், அதன் மேல் பலகை வைத்துச் சறுக்க வேண்டும். படுத்துச் சறுக்க 132 சென்டிமீட்டர் உயரம் போதும். நின்று சறுக்க 147 வேண்டும். சின்னவன் 145. அளவுகோல் பக்கத்தில் அவனை நிற்கவைத்த ஊழியர் பணிவாகத்தான் தலையசைத்தார். மற்ற மூவரும் நின்று சறுக்கும் வரிசைக்குப் போக, இவன் சின்னப் பிள்ளைகளோடு படுத்துச் சறுக்கும் வரிசையில் நிற்க மாட்டேன் என்று வந்துவிட்டான்.

பதின்மூன்று வயதுப் பையனுக்கு இரண்டு சென்டிமீட்டர் எவ்வளவு பெரிய விஷயம் என்பது பெற்றவர்களுக்குத்தான் தெரியும். கப்பலைப் பதிவு செய்யும்போதே ஒவ்வொரு விளையாட்டுக்கும் உள்ள உயர அளவைப் பார்த்து, வீட்டுச் சுவரில் அளந்து, பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நான் சொல்லியிருந்தால் பத்துப் பேர் பார்க்க அவன் அந்தக் கோலின் அடியில் நின்றிருக்க வேண்டாம். பாறையேற்றச் சுவரில் அவனுக்குத் தடை ஏதும் இல்லை, ஆனால் அப்போதைக்கு எதுவும் வேண்டாம் என்றுவிட்டான்.

மதியம் பினாங்கு. கப்பல் ஸ்வெட்டன்ஹாம் துறையில் நேராகக் கரையோடு நிற்கிறது. இறங்கிச் சாலையைக் கடந்தால் ஊர். எதிரிலேயே வெள்ளை மணிக்கூண்டு. விக்டோரியா ராணி பட்டத்துக்கு வந்த அறுபதாம் ஆண்டு நினைவாக, ஆண்டுக்கு ஓர் அடி என்று அறுபதடி உயரம் கட்டியது.

என் மடித்த தாளில் இன்றைக்குப் பினாங்கு மலை ரயில் இருந்தது. கிறிஸ்துமஸ் விடுமுறைக் கூட்டம் என்று கேட்டதும் பிள்ளைகள் ஒரே குரலில் வேண்டாம் என்றார்கள். பெரியவள் என்னைத் தனியாக ஓரத்துக்கு அழைத்துப் போனாள்.

"எங்க நாலு பேரையும் தனியா விடும்மா. மூணு மணி நேரம். சொன்ன எடத்துக்குச் சொன்ன நேரத்துல வந்துடுறோம்."

இவர் உடனே தலையாட்டிவிட்டார். எனக்குத்தான் மனம் வரவில்லை. தம்பிதான் வழி சொன்னான்: "எல்லை போட்டுக் குடுப்போம்க்கா." வடக்கே லைட் ஸ்ட்ரீட், கிழக்கே பீச் ஸ்ட்ரீட், மேற்கே கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் இருக்கும் பிட் ஸ்ட்ரீட், தெற்கே ஆர்மீனியன் ஸ்ட்ரீட். இந்தச் சதுரத்தை விட்டு வெளியே போகக்கூடாது. நால்வரும் ஒன்றாகவே இருக்க வேண்டும். தம்பி மகனின் போனில் மலேசிய ரோமிங் இருந்தது. ஆறரை மணிக்கு மணிக்கூண்டு. ஆளுக்கு ஐம்பது வெள்ளி (மலேசிய ரிங்கிட்).

கிளம்பும் நேரத்தில் அப்பா பேசினார். அப்பா பினாங்கில் பிறந்தவர். அவருடைய அப்பா இங்கே ஒரு ஜவுளிக்கடையில் கணக்குப்பிள்ளையாக இருந்தார், கடைக்கு மேலேயே குடியிருப்பு. 1957இல், ஒன்பது வயதில், ராஜுலா கப்பலில் நாகப்பட்டினம் வந்தவர் அப்பா. அதற்குப் பிறகு இன்றுதான் இந்த ஊரில் கால் வைக்கிறார். மூட்டு வலி, அரை மணிக்கு மேல் நடக்க முடியாது.

"ராணி தெரு மாரியம்மன் கோயிலுக்குக் கிட்ட. மொனைக் கடை. அஞ்சடியில பச்சைப் பூப்போட்ட தரை. அதுலதான் கோலி வெளையாடுவோம். இருக்கான்னு பாருங்களேன்."

"அஞ்சடின்னா என்னா தாத்தா?" என்று சின்னவன் கேட்டான். தாத்தா பதில் சொல்லும் முன் தம்பி மகள் சொன்னாள்: கடைகளுக்கு முன்னால் மேலே மாடியும் கீழே நடைபாதையுமாக ஓடும் இடம், ஐந்தடி அகலம். சிங்கப்பூரிலும் அதே சொல்தான். தமிழ் தட்டுத்தடுமாறிப் பேசும் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்த ஒரு சொல் என் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை என்பதில் அவளுக்கு எத்தனை சந்தோஷம்!

அவர்கள் போனதும் நாங்கள் அப்பாவை மெல்ல நடத்தி மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போனோம். 1833இல் எழுந்த கோயில், பினாங்கின் ஆகப் பழைய இந்துக் கோயில். அப்பா கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு ஒரு கடையில் நாசி கண்டார் சாப்பிட்டோம். தமிழ் முஸ்லிம்கள் தோளில் காவடிபோலத் தடி போட்டு, ஒரு பக்கம் சோறும் மறுபக்கம் குழம்புமாகச் சுமந்து துறைமுகத் தொழிலாளிகளுக்கு விற்றதில் வந்த சாப்பாடு இது. எனக்கு ஒவ்வொரு கவளத்துக்கும் மணியைப் பார்க்கத் தோன்றிக்கொண்டே இருந்தது.

ஆறு இருபதுக்கே மணிக்கூண்டின் அடியில் நின்றார்கள், நால்வரும், செண்டோல் என்னும் தேங்காய்ப்பால் ஐஸ் இனிப்பின் கறை படிந்த சட்டைகளோடு. ஆர்மீனியன் ஸ்ட்ரீட் சுவரில் 2012இல் வரைந்த, சைக்கிள் ஓட்டும் அக்கா தம்பி ஓவியத்தின் முன்னால் வரிசையில் நின்று படம் எடுத்தார்களாம். மீதி நேரமெல்லாம் தரையைப் பார்த்தே நடந்திருக்கிறார்கள். தம்பி மகள் போனில் முப்பத்தொரு படம், எல்லாம் தரை ஓடுகள். கடைக்காரர்களிடம் தமிழிலேயே கேட்டுக் கேட்டு எடுத்தவை.

கப்பலுக்குத் திரும்பியதும் அப்பா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு படமாகப் பெரிதாக்கிப் பார்த்தார். இது இல்லை. இது இல்லை. இதுவும் இல்லை. பத்தொன்பதாவது படத்தில் வெகுநேரம் நின்றார். "இருக்கலாம்" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. நான்கு பிள்ளைகளும் அவரைச் சுற்றித் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். கிளப்புக்கு நேரமாகிவிட்டது என்று ஒருவரும் எழவில்லை.

மூன்றாம் நாள், டிசம்பர் 26, புக்கெட்

இங்கே கப்பல் கரைக்கு வராது. படோங் விரிகுடாவில் நங்கூரம் போட்டு நிற்கும், டெண்டர் என்னும் சிறு படகில் ஏறிக் கரைக்குப் போக வேண்டும். படகு ஆட ஆட, அப்பாவின் கையை இரண்டு பையன்களும் இரண்டு பக்கம் பிடித்துக்கொண்டார்கள். "நாகப்பட்டினத்துலயும் இப்படித்தாண்டா" என்றார் அப்பா. ராஜுலா வந்தால் கடலில் தள்ளித்தான் நிற்குமாம். படகுகள் போய்த்தான் ஆட்களை ஏற்றவும் இறக்கவும் செய்யும். 1926இல் கட்டிய கப்பல், சென்னை, நாகை, பினாங்கு, சிங்கப்பூர் என்று நாற்பது வருஷத்துக்கு மேல் ஓடியது. டெக் பயணிகள் தகரப்பெட்டியை எல்லையாக வைத்துப் பாயை விரித்துக்கொள்வார்களாம்.

"ஒங்களுக்குப் போர் அடிக்கலையா தாத்தா? என்னா பண்ணுவீங்க?"

"வாந்தி எடுப்போம். சீட்டு வெளையாடுவோம்."

படோங் கடற்கரையில் இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது அறிவிப்புப் பலகை: நீல நிறத்தில் ஒரு பேரலை, அதன் முன்னால் மேட்டைப் பார்த்து ஓடும் மனிதன். கொஞ்ச தூரத்தில் மணலில் பூக்கள் வைத்திருந்தார்கள். தேதியைப் பற்றி வீட்டில் டிக்கெட் எடுக்கும்போதே எனக்கு நினைவு இருந்தது. பிள்ளைகளிடம் சொல்லவில்லை.

பெரியவள் பிறந்தது சுனாமிக்கு நான்கைந்து வருஷம் கழித்து. அவளுக்கு அது பாடப்புத்தகத்தில் ஒரு பத்தி. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. நான் கல்யாணமாகித் திருச்சியில் இருந்தேன். அப்பாவும் அம்மாவும் நாகையில். மறுநாள்தான் ஊருக்குள் போக முடிந்தது. எங்கள் வீடு உள்ளே தள்ளி இருந்ததால் தப்பியது. நாகை மாவட்டத்தில் மட்டும் சுமார் 6,000 பேர் போனார்கள். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அதில் ஒருத்தி. இந்தக் கடற்கரையையும் அதே நாள் காலையில் அதே நிலநடுக்கத்தின் அலைதான் அடித்தது. பலகையின் அடியில் நின்றபடியே இதைச் சொன்னேன். நான் நினைத்ததை விட அதிக நேரம் பேசிவிட்டேன்.

"இதெல்லாம் நீ எங்ககிட்ட சொன்னதே இல்லையேம்மா" என்றாள் பெரியவள்.

கடல் திடீரென்று உள்வாங்கினால் வேடிக்கை பார்க்காமல் மேட்டுக்கு ஓட வேண்டும் என்று தம்பி மகன் சின்னவனிடம் சொல்லிக்கொண்டிருந்தான். நால்வரும் மணலில் அந்தப் பூக்கள் பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார்கள். பிறகு குளித்தார்கள். டிசம்பரில் இந்தக் கடல் அமைதியாக இருக்கிறது. ஆனாலும் சிவப்பும் மஞ்சளுமான இரண்டு கொடிகளுக்கு நடுவே மட்டும்தான் விட்டோம்.

மதியத்துக்கு மேல் பக்கத்தில் இருந்த பெரிய மாலுக்குப் போக அனுமதி கேட்டார்கள். பினாங்கில் சொன்ன நேரத்துக்கு வந்தவர்கள், மறுக்கக் காரணம் இல்லை. நாலரைக்குப் படகுத்துறை. கடைசிப் படகு ஆறு மணிக்கு.

நாலரை ஆனது. நாலே முக்கால். ஐந்து. தம்பி அழைத்தான், எடுக்கவில்லை. இவர் மாலைப் பார்த்து நடந்தார். எனக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. காலையில் பேசியதெல்லாம் வேறு நெஞ்சில் கிடந்தது. ஐந்து இருபத்தைந்துக்கு நால்வரும் சிரித்துக்கொண்டே வந்தார்கள். நான் தம்பி மகனைப் பார்த்து, அத்தனை பேர் முன்னால், கத்திவிட்டேன். நீதானே பெரியவன், உன்னை நம்பித்தானே அனுப்பினேன் என்றெல்லாம்.

அவன் பதில் பேசவில்லை. போனைத் திருப்பிக் காட்டினான். 4.25.

தாய்லாந்து நேரம் சிங்கப்பூரை விட ஒரு மணி பின்னால். கப்பல் கடிகாரம் சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடுகிறது, போன் கரையைத் தொட்டதும் தானாக மாறிக்கொண்டது. நானும் தம்பியும் கைக்கடிகாரம் பார்த்தோம். பிள்ளைகளிடம் கைக்கடிகாரமே கிடையாது. அவர்கள் கணக்கில் ஐந்து நிமிடம் முன்னால் வந்திருக்கிறார்கள். கப்பல் நேரம் மாறாது என்று காலையில் ஒலிபெருக்கியில் சொன்னார்கள், நான் கேட்டேன், பிள்ளைகளிடம் எடுத்துச் சொல்லவில்லை. தப்பு முழுக்க என்னுடையது.

படகில் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டேன்.

"விடுங்க அத்தை" என்றான். கண் கலங்கியிருந்தது.

துறைமுகத்தில் இறங்கும் முன் போனில் நேரம் தானாக மாறுவதை நிறுத்திவையுங்கள். இந்தப் பயணத்தில் நான் எழுதியவற்றில் ஒன்றே ஒன்றை நினைவில் வைக்க முடியுமென்றால் இதை வையுங்கள். அப்பா தன் பழைய எச்.எம்.டி. கடிகாரத்தைக் கழற்றிச் சின்னவன் கையில் கட்டிவிட்டார். அவன் மணிக்கட்டுக்கு வார் பெரிது, கடைசி ஓட்டைக்கும் இன்னும் ஓர் ஓட்டை போட வேண்டும்.

நான்காம் நாள், டிசம்பர் 27, கடல்

கரையே இல்லாத நாள். இந்த நாளுக்காகத்தான் என் தாளில் பதினான்கு வரி எழுதியிருந்தேன்.

பெரியவள் பதினொன்றே கால் வரை தூங்கினாள். காசு கொடுத்து வந்துவிட்டுத் தூங்குகிறாளே என்று முதலில் பதைத்தது. பிறகு யோசித்தேன். ஜூனிலிருந்து காலை ஐந்தரைக்கு டியூஷனுக்கு எழும் பெண். அவளுக்கு இருட்டான அறையும் தட்டாத கதவும்தான் இந்தக் கப்பலில் கிடைத்த மிகப் பெரிய வசதியோ என்னவோ. எழுந்ததும் நேரே பஃபேக்குப் போய்த் தோழிகளோடு சாப்பிட்டாள். தோழிகள் என்றால், மெல்போர்னிலிருந்து ஒருத்தி, ஜகார்த்தாவிலிருந்து ஒருத்தி, சிங்கப்பூர்ப் பெண்கள் இரண்டு பேர். தூரத்திலிருந்து பார்த்தேன். வீட்டில் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாதவள் கையை ஆட்டி ஆட்டி என்னமோ கதை சொல்லிக்கொண்டிருந்தாள்.

தம்பி மகளுக்கும் கிளப் நன்றாகவே அமைந்துவிட்டது. பாறையேற்றச் சுவரில் உச்சி மணியை அடித்துவிட்டு வந்தாள். மூடிய ஷூவும் சாக்ஸும் கட்டாயம் கேட்கிறார்கள். செருப்போடு வந்தவர்கள் திரும்பிப் போவதைப் பார்த்தேன். கடல் நாளில் இந்த வரிசையெல்லாம் நீளம். துறைமுக நாளில் எல்லோரும் ஊர் பார்க்கப் போய்விட, அரை மணி முன்னதாகத் திரும்பியிருந்தால் காத்திருக்கவே வேண்டியதில்லை.

சின்னவனுக்குக் கிளப் ஒத்துவரவே இல்லை. மூன்று முறை போனான், மூன்று முறையும் திரும்பி வந்தான். எல்லாப் பிள்ளைக்கும் அது பொருந்தும் என்று சொல்வதை நான் நம்பியதுதான் பிசகு. புது முகங்களுக்கு நடுவே விளையாட்டு என்றால் சுருங்கிப்போகிற பிள்ளைகள் உண்டு. அவர்களைத் தள்ளித் தள்ளி உள்ளே அனுப்புவதில் யாருக்கும் நன்மை இல்லை. அவன் தனக்கு வேண்டியதைத் தானே கண்டுபிடித்துவிட்டான். ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறான். மணிக்கொரு முறை டிவி வரைபடத்தைப் பார்த்து வேகம், காற்று, இடம் எழுதுகிறான். தாத்தாவின் கடிகாரப்படி. முதல் இரவிலிருந்து ஒரு பக்கம்கூட விடவில்லை என்று இன்றுதான் பார்த்தேன்.

மூன்று மணிக்கு அரங்கில் மாலுமிகளோடு கேள்வி பதில். முன்னூறு பேராவது இருப்பார்கள். கேள்வி யாருக்காவது இருக்கிறதா என்றதும் சின்னவன் கை தூக்கினான். எனக்கு மூச்சு நின்றது. மைக்கை வாங்கி எழுந்து நின்று ஆங்கிலத்தில் கேட்டான்: போகும்போதும் எதிரே வந்த கப்பல்கள் எல்லாம் நமக்கு இடப்பக்கமாகத்தான் போயின, திரும்பும்போதும் இடப்பக்கமாகத்தான் போகின்றன, ஏன்?

அதிகாரி சிரித்துவிட்டு, நல்ல கேள்வி என்று திரையில் வரைபடம் போட்டுக் காட்டினார். மலாக்கா நீரிணையில் கடலிலேயே சாலைபோலப் போக ஒரு தடம், வர ஒரு தடம். கப்பல்கள் வலப்பக்கம் ஒதுங்கித்தான் போக வேண்டும், அதனால் எதிரே வருவது எப்போதும் நம் இடப்பக்கம். 1972இல் நாடுகள் ஒப்புக்கொண்ட மோதல் தவிர்ப்பு விதிகள்தான் கடலுக்கெல்லாம் சாலை விதி. சிங்கப்பூர்ப் பக்கம் வரும்போது நீரிணை மூன்று கிலோமீட்டருக்கும் குறைவாகச் சுருங்கிவிடுகிறது; அதற்குள் ஆண்டுக்கு எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கப்பல்கள். பிறகு இரவில் எப்படிக் கண்டுபிடிப்பது என்றும் சொன்னார். எல்லாக் கப்பலுக்கும் இடப்புறம் சிவப்பு விளக்கு, வலப்புறம் பச்சை. சிவப்பு தெரிந்தால் அது நமக்கு இடது கைப்பக்கமாகப் போகிறது. பச்சை தெரிந்தால் வலது கைப்பக்கமாக. இரண்டும் சேர்ந்து தெரிந்தால் நேரே நம்மைப் பார்த்து வருகிறது.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தாத்தா அறைப் பால்கனியில் நான்கு பேரும். கிளப்பில் இன்று கடைசி இரவு டான்ஸ், ஒன்பதரைக்குத்தான் ஆரம்பம். அதுவரை பந்தயம்: தூரத்தில் விளக்கு தெரிந்ததும் எந்தப் பக்கம் போகும் என்று முதலில் சொல்பவருக்கு ஒரு புள்ளி. சின்னவன் நோட்டில் புள்ளி எழுதினான். மற்ற மூவரும் அவனிடம்தான் சந்தேகம் கேட்டார்கள். உயரத்தைப் பற்றி யாருக்கும் நினைவில்லை. பிறகு தரையில் உட்கார்ந்து தாத்தாவோடு கழுதை ஆட்டம். தம்பி மகளுக்கு இப்போதுதான் சொல்லிக்கொடுத்தார்கள், மூன்று முறை தொடர்ந்து அவளே கழுதை ஆனாள், நான்காவது முறை தாத்தாவைக் கழுதை ஆக்கினாள். அந்தச் சத்தத்துக்குப் பக்கத்து அறைக்காரர் வந்துவிடப்போகிறார் என்று தம்பி மனைவி கதவைச் சாத்தினாள்.

ஒன்பதரைக்கு மூவர் கிளம்பினார்கள். "நீயும் வாயேன்" என்று தம்பி மகள் சின்னவனைக் கூப்பிட்டாள். "பத்து மணிக்கு ரீடிங் எழுதணும்" என்றான்.

ஐந்தாம் நாள், டிசம்பர் 28, சிங்கப்பூர்

நேற்று இரவே பெட்டிகளுக்கு எண் அட்டை கட்டி வாசலில் வைத்துவிட வேண்டும் என்பது விதி. தம்பி மகன் மாற்று உடையையும் சேர்த்து அனுப்பிவிட்டு, இன்று காலை நீச்சல் உடையும் தன் அப்பாவின் சட்டையுமாக இறங்கினான். மற்றபடி எல்லாம் சரி. கணக்குத் தாள் கதவுக்கடியில் வந்தது. வீடியோ கேமுக்கு நான்கு பேரும் சேர்ந்து செலவழித்தது முப்பத்தேழு டாலர். நான் வைத்த வரம்பில் கால்வாசிகூட இல்லை. என் மணிவாரித் தாள் பெட்டியின் அடியில் மடித்தபடியே கிடந்தது.

மரினா பே கப்பல் நிலையத்தில் பெட்டிகளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தோம். அப்பாவுக்குச் சக்கர நாற்காலி கொண்டுவந்தார்கள். சின்னவன் அதைத் தானே தள்ளிக்கொண்டு, பின்னால் தெரிந்த கப்பலைக் காட்டி ராஜுலா இதில் எத்தனை பங்கு நீளம் இருக்கும் என்று விசாரித்துக்கொண்டிருந்தான். டாக்சி வரிசை நகர ஆரம்பித்தது. தம்பி கை காட்டினான். பெரியவளைக் காணோம்.

தூண் பக்கத்தில் அந்த நான்கு பெண்களோடு நின்றிருந்தாள். ஒருத்தி அழுதுகொண்டிருந்தாள். போன் எண்களை மாற்றிக்கொள்கிறார்கள்போல. நான் போவதைப் பார்த்ததும் திரும்பினாள்.

"ரெண்டு நிமிஷம்மா."

தம்பியை அடுத்த டாக்சிக்கு நிற்கச் சொல்லிவிட்டு, உட்கார இடம் இருக்கிறதா என்று பார்த்தேன்.